நம்மை யாரென்று நினைத்துப் பேசினார்கள்?

மக்களோடு தங்கிப் பழகி அவர்கள் வாழ்க்கையை எழுதும் இனவரைவியல் ஆய்வேடுகளைப் படித்துத் திருத்துவது என் வேலையில் பாதி. சில வருடங்களாகக் கவனித்து வருகிறேன், எல்லா ஆய்வேட்டிலும் மூன்றாவது இயலில் ஒரு பத்தி தவறாமல் வந்துவிடுகிறது. ‘நான் நகரத்தில் வளர்ந்த, நடுத்தரக் குடும்பத்துப் பெண். ஆங்கில வழியில் படித்தவள். இன்ன சாதியில் பிறந்தவள். இவையெல்லாம் என் ஆய்வைப் பாதித்திருக்கலாம்.’ அவ்வளவுதான். பத்தி முடிந்ததும் அந்தப் பெண் காணாமல் போய்விடுகிறாள். நான்காம் இயலிலிருந்து ‘மக்கள் கருதுகின்றனர்’, ‘இவ்வழக்கம் காணப்படுகிறது’ என்று பழைய நடை தொடங்கிவிடும். கருதியதை யாரிடம் சொன்னார்கள், யார் கண்ணுக்குக் காணப்பட்டது என்று தேடினால் கிடைக்காது. கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிப் போடுவது மாதிரி, தன்னை ஒரு பத்தியில் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போய்விடுகிறார்கள்.

தன்னையும் ஆய்வுக்குள் வைத்துப் பார்க்கும் பழக்கத்தை எங்கள் துறையில் ரிஃப்ளெக்ஸிவிட்டி என்கிறோம். இன்று அது ஒரு சடங்காகிவிட்டது என்பதுதான் என் குறை. ‘நான் இன்னார்’ என்று ஆய்வாளர் அறிவித்துக்கொள்வதால் ஆய்வுக்கு எந்த லாபமும் இல்லை. களத்தில் நாம் யார் என்பதை நாமா முடிவு செய்கிறோம்? எந்த வீட்டில் தங்கினோம், யார் கூட்டிக்கொண்டு போனார்கள், எங்கே கை நனைத்தோம் என்பதை வைத்து ஊர் முடிவு செய்கிறது. அந்த முடிவுக்கு ஏற்றபடிதான் பேச்சும் வரும், கதவும் திறக்கும். ஊர் தன்னை யாராக எடுத்துக்கொண்டது, அதனால் என்ன கிடைத்தது, எது கிடைக்காமல் போனது, இதை எழுதினால் போதும். சுயவிவரப் பத்தியை யாரும் கேட்கவில்லை.

இந்தப் பேச்சு எங்கே சூடுபிடித்தது என்று கேட்டால் எல்லோரும் மானிடவியலாளர் மலினோவ்ஸ்கியைச் சொல்வார்கள். முதல் உலகப் போர்க் காலத்தில் நியூகினியை ஒட்டிய டிரோப்ரியண்ட் தீவுகளில் கூடாரம் போட்டுத் தங்கி, அங்குள்ளவர்களின் மொழியிலேயே பேசிப் பழகி, 1922-இல் வந்த நூலால் களப்பணிக்கே இலக்கணம் வகுத்தவர் என்று பெயர் வாங்கியவர். 1942-இல் இறந்தார். 1967-இல் அவர் மனைவி அவரது அந்தரங்க நாட்குறிப்பை வெளியிட்டார். போலந்து மொழியில் தனக்காக மட்டும் எழுதிக்கொண்டது. எரிச்சல், சலிப்பு, காம ஏக்கம், நாவல் படித்துப் பொழுதைப் போக்கிய குற்ற உணர்வு, தீவுக்காரர்கள்மேல் வசவு, எல்லாம் அதில் இருந்தது. துறையே ஆடிப்போனது. எனக்கென்னவோ அந்த அதிர்ச்சி கொஞ்சம் மிகை. ஊர் உறவு இல்லாமல் மாதக்கணக்காக ஒரு தீவில் கிடந்தவர் மனசுக்குள் திட்டினார் என்பதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? ஆனால் அந்தச் சலசலப்பால் ஒரு நினைப்பு ஒட்டிக்கொண்டது. ரிஃப்ளெக்ஸிவிட்டி என்றால் மனசில் இருப்பதைக் கொட்டுவது, பாவமன்னிப்பு கேட்பது என்று. 1986-இல் ஜேம்ஸ் கிளிஃபர்டும் ஜார்ஜ் மார்கஸும் தொகுத்த கட்டுரைகள் வந்த பிறகு, இனவரைவியல் நூலில் யாருடைய குரல் ஒலிக்கிறது என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது. அதெல்லாம் நல்லதுதான். ஆனாலும் எனக்குக் கை கொடுத்தவை, இந்தச் சண்டைகளுக்கெல்லாம் முன்பே நம் பக்கத்துக் கிராமங்களில் வேலை பார்த்தவர்கள் போகிற போக்கில் எழுதிவைத்த சில வரிகள்.

சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேயை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா பிரெஞ்சுக்காரர், அம்மா வங்காளி. 1961-இல் டில்லியிலிருந்து தஞ்சாவூர் மாவட்டத்துக்கு வந்து, காவிரிக்கரைக் கிராமம் ஒன்றில் தங்கினார். நூலில் அந்த ஊருக்கு ஸ்ரீபுரம் என்று பெயர் மாற்றியிருக்கிறார். அக்கிரகாரம், பிராமணரல்லாதார் தெருக்கள், அப்புறம் தள்ளி சேரி. அவருக்கு இடம் கிடைத்தது அக்கிரகாரத்தில், ஒரு பிராமணர் வீட்டில். வெளியாளும் பிராமணர் அல்லாதவருமான ஒருவருக்கு இப்படி இடம் கொடுத்தது பெரிய சலுகை என்று அவரிடமே சொல்லியிருக்கிறார்கள்.

1965-இல் வந்த நூலில் இதன் விளைவை அவரே எழுதுகிறார். உடுத்திய உடை, தோற்றம், தங்கிய வீடு, மூன்றும் சேர்ந்து அவரைப் பிராமணராகக் காட்டிவிட்டன. மற்றத் தெருக்காரர்கள் கண்ணுக்கும் சேரிக்காரர்கள் கண்ணுக்கும் அவர் வடநாட்டிலிருந்து வந்த இன்னொரு பிராமணர், அவ்வளவே. அதனால் அவர்களை நெருங்க முடிந்தது குறைவு. சில வாக்கியங்கள்தான். மார்பில் அடித்துக்கொள்ளவில்லை. ஆனால் அவற்றைப் படித்துவிட்டால் மொத்த நூலையும் வேறு மாதிரி படிக்க வேண்டியிருக்கிறது. ஸ்மார்த்தர், வைணவர், அவர்களுக்குள் உட்பிரிவுகள் என்று அக்கிரகாரம் அவ்வளவு நுணுக்கமாக வருகிறது. சேரி வரும் இடங்களில் ஆட்கள் கொஞ்சம் தூரத்தில் நிற்கிறார்கள். நூலின் மைய வாதம், சாதியும் வர்க்கமும் அதிகாரமும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தி இருந்த காலம் போய், நிலமும் பஞ்சாயத்து அதிகாரமும் பிராமணர் கையைவிட்டு நகர்கிறது என்பது. அக்கிரகாரத் திண்ணையில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு அந்த மாற்றம் பூகம்பமாகத் தெரிந்திருக்கும். களத்துமேட்டில் நெல் அடித்துக்கொண்டிருந்தவருக்கு எஜமான் மாறியது எவ்வளவு பெரிய விஷயமாகத் தெரிந்திருக்கும் என்பது வேறு கேள்வி.

அந்தக் கேள்வியைக் கிட்டத்தட்ட அதே காலத்தில் கேட்டவர் ஜோன் மென்ச்சர். செங்கல்பட்டுப் பகுதியில் பறையர் சமூகத்தவரிடையே வேலை செய்த அமெரிக்க மானிடவியலாளர். சாதி அமைப்பைத் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்போம் என்று 1974-இல் ஒரு கட்டுரை எழுதினார். அடியில் இருப்பவர்களிடம் போய்க் கேட்டால் தூய்மை, தீட்டு, கர்மா என்ற தத்துவமெல்லாம் வராது, தங்கள் உழைப்பைச் சுரண்டும் ஏற்பாடாகத்தான் சாதியைச் சொல்வார்கள் என்பது அவர் வாதம். பெத்தேய், மென்ச்சர் இரண்டு பேருமே கண்டதைத்தான் எழுதினார்கள். உட்கார்ந்த தெரு வேறு.

பெத்தேயின் ஆசிரியர் எம். என். சீனிவாஸ். மைசூரில் தமிழ் பேசும் அய்யங்கார் குடும்பம். ஆக்ஸ்ஃபோர்டில் படித்துவிட்டு 1948-இல் மைசூருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்குப் போனார். அதற்கு அவர் வைத்த பெயர் ராம்புரா. ஊர்த்தலைவர் தன் காளைகளைக் கட்டும் வீட்டில் இடம் கொடுத்தார். ஒருநாள் சீனிவாஸ் குளித்துவிட்டு முகம் மழித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துத் தலைவருக்குக் கோபம். சவரம் தீட்டாயிற்றே, அதை முடித்துவிட்டல்லவா குளிக்க வேண்டும்! ஆக்ஸ்ஃபோர்டு பிராமணருக்கு, பிராமணராக இருப்பது எப்படி என்று விவசாய சாதியான ஒக்கலிகர் ஒருவர் பாடம் எடுக்கிறார். நகரத்தில் அவர் விட்டுவிட்ட ஆசாரத்தை எல்லாம் கிராமம் திரும்ப அவர்மேல் ஏற்றியது. தலைவர் வீட்டு விருந்தாளி என்பதால் எங்கே போனாலும் செய்தி தலைவருக்குப் போய்விடும். தலித் மக்கள் இருக்கும் பகுதியில் இன்னும் அதிக நேரம் இருந்திருந்தால் ஊரே வேறு கோணத்தில் தெரிந்திருக்கும் என்று பின்னால் அவரே எழுதினார்.

ராம்புரா பற்றிய அவர் நூல் பிறந்த கதையும் விசித்திரம். 1970 ஏப்ரலில் ஸ்டான்ஃபோர்டில் அவர் வேலை செய்துகொண்டிருந்த ஆய்வு மையத்துக்குத் தீ வைத்துவிட்டார்கள். பதினெட்டு வருடங்களாகச் செப்பனிட்டு வைத்திருந்த குறிப்புகள், மூன்று படிகளும் அதே அறையில் இருந்ததால் மொத்தமாகப் போயின. நினைவிலிருந்தே எழுதுங்கள் என்று சோல் டாக்ஸ் என்ற மானிடவியலாளர் தூண்ட, 1976-இல் நூல் வந்தது. குறிப்பு கையில் இருந்திருந்தால் சவரக் கதை அச்சேறியிருக்குமா? எனக்குச் சந்தேகம்தான். அட்டவணையும் வம்சாவளிப் படமும் அந்த இடத்தைப் பிடித்திருக்கும்.

இவை எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது ஜெரால்ட் பெர்ரிமன் கதை. வகுப்பில் ஒவ்வொரு வருடமும் சொல்கிறேன், அலுக்கவே இல்லை. பெர்ரிமன் அமெரிக்கர். 1957-58-இல் டேராடூனை ஒட்டிய மலைப்பகுதியில், சிர்காண்டா என்று அவர் பெயரிட்ட கிராமத்தில் வேலை செய்தார். ஆரம்பத்தில் ஊருக்கு அவர்மேல் நம்பிக்கையே இல்லை. மதம் மாற்ற வந்தவரோ, அரசாங்கத்தின் உளவாளியோ என்று பயம். அவருக்கு மொழிபெயர்த்தவர் சமவெளியிலிருந்து வந்த இளம் பிராமணர். கட்டுரையில் சர்மா என்று குறிப்பிடுகிறார். ஊரில் பெரும்பான்மை ராஜபுத்திரர்களும் பிராமணர்களும். மலைப் பக்கத்தில் அவர்கள் இறைச்சி சாப்பிடுவார்கள், சாராயம் குடிப்பார்கள், பரியம் கொடுத்துப் பெண் எடுப்பார்கள், விதவைகளுக்கு மறுமணமும் உண்டு. சமவெளிப் பிராமணர் பார்வையில் இதெல்லாம் கேவலம் என்று அவர்களுக்குத் தெரியும். ஆகவே சர்மா கண்ணில் பட்டவரை ஊர் சுத்த சைவம். கிடா வெட்டும் விருந்தும் இவர்கள் காதுக்கு எட்டாமலே நடந்தன. தாழ்த்தப்பட்ட சாதியினர் பிராமணர் முன்னால் வாயே திறக்கவில்லை.

சில மாதங்களில் சர்மா நோயில் விழுந்து ஊருக்குப் போய்விட்டார். அந்த இடத்துக்கு வந்தவர் நடுவயதுப் பள்ளி ஆசிரியர், முஸ்லிம். கட்டுரையில் அவர் பெயர் முகமது. பெர்ரிமன் அதே ஆள், கேள்வியும் அதே கேள்வி. ஆனால் ஊர் மாறிவிட்டது. ஆசாரத்தில் முகமதுவிடம் நல்ல பெயர் வாங்க வேண்டிய அவசியம் மேல்சாதியினருக்கு இல்லை. குடி, கறி, பலி பற்றியெல்லாம் பேச்சு வந்தது. தாழ்த்தப்பட்ட சாதியினர் வீட்டுக்குள் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள், மேல்சாதியினர் மறைத்ததை எல்லாம் அவிழ்த்துவிட்டார்கள். இத்தனைக்கும் பெர்ரிமன் தன்னைப் பற்றி ஒரு பத்தி எழுத வேண்டுமென்றால் என்ன எழுதியிருப்பார்? வெள்ளைக்காரர், ஆண், அமெரிக்கப் பல்கலைக்கழகம். அந்தப் பத்தியில் சர்மாவும் இருந்திருக்க மாட்டார், முகமதுவும் இருந்திருக்க மாட்டார். ஊர் பார்த்ததோ அவர்களைத்தான்.

1962-இல் இதை அவர் தனிக் கட்டுரையாக எழுதினார். அதில் கவனிக்க வேண்டியது ஒன்று: சர்மா காலத்துத் தகவலைப் பொய் என்று தூக்கிப் போடவில்லை. ஊர் தன்னை எப்படிக் காட்டிக்கொள்ள விரும்பியது என்பதற்கு சர்மாவிடம் சொன்னதைவிட நல்ல சான்று கிடையாது. மறைத்தது எது என்பது முகமது வழியாகத் தெரிந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் சாதிகள் ஒன்றுக்கொன்று போடும் வேஷம் புரிந்தது. ஆராய்ச்சி முறையியல் என்று தலையணை தலையணையாக எழுதியிருக்கிறார்கள். ஒரு மொழிபெயர்ப்பாளருக்கு உடம்பு முடியாமல் போனது கற்றுக்கொடுத்த அளவுக்கு அவை கற்றுக்கொடுப்பதில்லை.

சரி, என் களத்துக்கு வருகிறேன். திருவாரூர் மாவட்டத்தில் ஒரு கிராமம். பெண்கள் வாங்கும் குழுக் கடன் பற்றிய ஆய்வு. நான் மதுரைப் பக்கத்துக்காரி. தோளில் பை, கையில் நோட்டு, கழுத்தில் அடையாள அட்டை. தெருவில் நுழைந்ததுமே பிள்ளைகள் ‘டியூக்காரங்க வந்துட்டாங்க’ என்று கத்திக்கொண்டு ஓடும். வாரத் தவணை வசூலிக்க வருகிறவர்களும் இதே கோலத்தில்தானே வருகிறார்கள்? சில வீடுகளில் அம்மா இல்லை என்று அம்மாவே உள்ளிருந்து சொல்லி அனுப்புவார்.

“கடன் எதுக்குக்கா வாங்குனீங்க?”

“மாடு வாங்க.”

அடுத்த வீட்டிலும் மாடு. அதற்கடுத்த வீட்டில் மாடும் தையல் மெஷினும். தெருவைச் சுற்றிப் பார்த்தால் நாலைந்து மாட்டுக்கு மேல் தேறாது. கடன் வாங்கும்போது என்ன தொழிலுக்கு என்று படிவத்தில் எழுத வேண்டும். அதில் எழுதிய பதிலைத்தான் என்னிடமும் ஒப்பித்தார்கள். டியூக்காரர் கேட்டால் வேறென்ன சொல்வார்கள்?

அப்புறம் ஒருநாள் ஒரு அக்கா ஆங்கிலத்தில் அச்சடித்த கடன் அட்டையை நீட்டி, “இதுல என்னதான் போட்டிருக்கான், கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க” என்றார். இன்சூரன்ஸுக்கு எவ்வளவு பிடித்திருக்கிறார்கள், அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று படித்துச் சொன்னேன். மறுநாள் ஐந்தாறு அட்டைகள் வந்தன. அதிலிருந்து நான் டீச்சர். டீச்சரிடம் மாடு வரவில்லை. பெண்ணுக்குச் சடங்கு சுற்றியது வந்தது. வீட்டுக்காரர் துபாய் போக ஏஜெண்டிடம் கட்டியது வந்தது. அந்தக் குழு டியூவை அடைக்க இந்தக் குழுவில் வாங்கியதும் வந்தது.

டியூக்காரரிடம் சொன்னது பொய், டீச்சரிடம் சொன்னது நிஜம் என்று இதைப் படிக்கக் கூடாது. டீச்சருக்கென்றும் ஒரு முகம் வைத்திருந்தார்கள். பிள்ளை படிப்புக்குச் செலவழித்தது டீச்சரிடம் கொஞ்சம் கூடுதலாகவே வந்தது. டிவி தவணை, சீட்டுப் போட்டு ஏமாந்தது, தம்பி குடித்து அழித்தது எல்லாம் வரவில்லை. அவற்றை நான் இல்லாதபோது அவர்களுக்குள் பேசிக்கொள்வார்கள், அரைகுறையாகக் காதில் விழும். ஒரே கேள்விக்கு மாடு, படிப்பு, தம்பி என்று மூன்று விடை. கடன் ஒரு குடும்பத்தில் எப்படி வேலை செய்கிறது என்றால், யாரிடம் எதைக் காட்டுவது என்ற இந்தக் கணக்கும் அதில் சேர்த்திதான். கடன்காரரிடம் மாட்டைக் காட்ட வேண்டும், ஊரில் சடங்கைக் காட்ட வேண்டும். ஒவ்வொரு பதிலின் பக்கத்திலும் அந்த நேரத்தில் நான் யாராக இருந்தேன் என்று எழுதிவைக்காமல் போயிருந்தால் மாடு வளர்ப்பு பற்றி ஒரு இயல் எழுதியிருப்பேன். அப்படி எழுதப்பட்ட அறிக்கைகள் நாட்டில் நிறைய இருக்கும் என்பது என் யூகம்.

இன்னொரு பொருளையும் சொல்ல வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலி. எந்தத் தெருவுக்குப் போனாலும் யாராவது ஒரு பிள்ளை பக்கத்து வீட்டிலிருந்தாவது ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்துவிடும். நாற்காலியில் நான், கீழே அவர்கள். நானும் தரையில் உட்காருகிறேன் என்றால் சங்கடப்படுவார்கள். தரையில் உட்கார்ந்துவிட்டதாலேயே சமமாகிவிட்டோம் என்று நினைத்துக்கொள்ளும் ஆய்வாளர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். அவர்கள் தரையில் உட்காருவது வேறு, நாம் உட்காருவது வேறு. நாம் உட்கார்ந்தால் அது பெருந்தன்மை. நான் நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டேன். எந்த வீட்டில் நாற்காலி வாசலில் போடப்பட்டது, எந்த வீட்டில் உள்ளே, எங்கே துடைத்துப் போட்டார்கள் என்பதைக் குறித்துக்கொண்டேன்.

காலனியில் பேசிவிட்டு ஊர்த்தெரு வழியாகத் திரும்பும்போது, திண்ணையில் இருக்கும் ஒரு பெரியம்மா சாதாரணமாக விசாரிப்பது போல் கேட்பார்: “அங்க தண்ணி கிண்ணி குடிச்சியா?” குடித்தேன் என்றால் ஒரு தலையாட்டல். அடுத்த முறை அவர் வீட்டில் காபி வந்தது, பேப்பர் கப்பில். அதற்கு முன்பு வந்தது எவர்சில்வர் டம்ளரில். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ‘எங்க ஊர்ல அதெல்லாம் இப்ப யாருங்க பாக்குறா’ என்று பேட்டியில் சொன்னவர்களின் தெருதான் அது. அந்தக் கப் என் கையில் வந்து சேர்ந்ததால் எனக்குத் தெரிந்தது. இதை மூன்றாம் இயலில் என்னைப் பற்றிய பத்தியில் போட்டால் என் அனுபவம். சாதி பற்றிய இயலில் போட்டால் ஆதாரம். நான் சாதி இயலில்தான் போட்டேன்.

தனியாகப் போகும் பெண் என்பது இன்னொரு கதை. மானிடவியலாளர் லீலா அபு-லுகோத் 1978-இல் எகிப்தின் மேற்குப் பாலைவனத்தில் அவ்லாத் அலி பதூயின்களிடம் போனபோது, நானும் வருகிறேன் என்று அவருடைய அப்பா பிடிவாதம் பிடித்தார். ஆராய்ச்சிக்குப் போகிற பெண்ணை அப்பா கூட்டிக்கொண்டு போய் விடுவதா என்று மகளுக்குக் கூச்சம். அப்பா பாலஸ்தீன அரபி, அவருக்கு நிலவரம் தெரியும். ஆண் துணை இல்லாமல் வந்து நிற்கும் மணமாகாத பெண்ணை அங்கே என்ன நினைப்பார்கள்? நல்ல குடும்பத்துப் பெண், கேட்க ஆள் இருக்கிறது என்று காட்டத்தான் அவர் போனார். அதன் பிறகு, தங்கிய வீட்டில் லீலா ஒரு மகள் மாதிரி. மகளாக இருந்ததால் பெண்கள் நெருங்கியவர்களிடம் மட்டும் பாடும் சின்னச் சின்னக் கவிதைகள் கிடைத்தன. 1986-இல் வந்த நூலுக்கு அவைதான் உயிர். மகளாக இருந்ததால் இஷ்டத்துக்கு வெளியே போகவும் ஆண்கள் உலகத்தில் புழங்கவும் முடியவில்லை. கிடைத்ததும் தடைபட்டதும் ஒரே காரணத்தால். நம் ஊரில் அப்பா வரவேண்டியதில்லை, ஆனால் “தனியாவா வந்தீங்க? வீட்ல ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?” என்ற கேள்வி முதல் அரைமணி நேரத்துக்குள் வந்துவிடும்.

அதற்கும் முன்னால் வருவது ஊர் விசாரிப்பு. எந்த ஊரு? மதுரைப் பக்கம். மதுரையில எங்க? சொல்வேன். அங்க எந்தத் தெரு? மூன்றாவது கேள்வியில் ஆள் பிடிபட்டுவிடும். சொந்த ஊர்க்காரர், சொந்த மொழிக்காரர் செய்யும் ஆய்வு வெளிநாட்டவர் செய்வதைவிட ஆழமாக இருக்கும் என்று சும்மா சொல்லிக்கொள்கிறோம். வெளியாளை எங்கே வைப்பது என்று ஊர் கொஞ்சம் திணறும், பெத்தேயை வடநாட்டுப் பிராமணர் என்று வைத்தது போல ஏதோ ஒன்று செய்யும். நம்மை வைக்க அதற்கு மூன்று கேள்வி போதும், தவறவே தவறாது. உள்ளாள் என்பதால் எல்லாக் கதவும் திறந்துவிடுவதில்லை. எந்தக் கதவு திறக்கும் என்பது முன்கூட்டியே முடிவாகிவிடுகிறது.

இப்படியே போனால் ஆய்வு முழுக்க ஆய்வாளர் புராணமாகிவிடாதா என்று கேட்கலாம். ஆகத்தான் செய்கிறது. நூலில் பாதி, ஆசிரியர் எப்படிக் குழம்பினார், எங்கே அழுதார் என்றே போகும். கிராமத்துக்காரர்கள் பின்னணியில் ஆடிக்கொண்டிருப்பார்கள். அந்த வகை எழுத்தில் எனக்குப் பொறுமை இல்லை. ‘நான்’ வரும் ஒவ்வொரு இடத்திலும் அவர்களைப் பற்றி ஒன்று கூடுதலாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அந்த வாக்கியத்தை எடுத்துவிடலாம். மானிடவியலாளர் வேலன்டைன் டேனியல் இலங்கைத் தமிழர். 1983-இல் மலையகத் தேயிலைத் தோட்டப் பெண்களின் நாட்டுப்பாடல்களைச் சேகரிக்கும் திட்டத்தோடு இலங்கைக்குப் போனார். அவர் போய்ச் சேர்ந்தது ஜூலைக் கலவரம் நடந்த கையோடு. அவரிடம் பேசியவர்கள் பாட்டுப் பாடும் நிலையில் இல்லை. கண்டதையும் இழந்ததையும் சொன்னார்கள். 1996-இல் வந்த நூல் வன்முறையைப் பற்றியது. தமிழராக, அந்த நாட்டவராக அவர் கேட்டுக்கொண்டிருந்தது நூல் முழுவதும் தெரிகிறது. ஆனால் அவர் மனவேதனை, சொன்னவர்களின் வேதனையை மறைத்துக்கொண்டு முன்னால் வந்து நிற்பதில்லை. திட்டமிட்ட நூலை எழுத முடியாமல் போனதே அங்கே செய்தி.

இப்போது என்னிடம் ஆய்வு செய்யும் மாணவிகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். குறிப்பேட்டில் இடது பக்கம் ஒரு கோடு போட்டு ஓரம் விட்டுக்கொள். யார் கூட்டி வந்தார்கள், எங்கே உட்காரச் சொன்னார்கள், கூட யார் இருந்தார்கள், உன்னை என்ன முறை சொல்லிக் கூப்பிட்டார்கள், ஃபோனை அணைத்த பிறகு பேச்சு எப்படி மாறியது, இவை அந்த ஓரத்தில். பேட்டி வலது பக்கம். எழுத உட்காரும்போது இரண்டையும் சேர்த்தே படி. மூன்றாம் இயல் பத்தி வேண்டாம்.

அவர்களில் ஒரு பெண் தஞ்சைப் பக்கத்துக் காலனி ஒன்றில் பிறந்தவள். அவளுடைய ஆய்வு, அதே வட்டாரத்தில் நிலம் வைத்திருக்கும் குடும்பங்கள் விவசாயத்தை விட்டு விலகுவது பற்றி. அதாவது, ஊர்த்தெரு வீடுகளுக்குப் போக வேண்டும். தன் சாதி தன் ஆய்வைப் பாதித்திருக்கலாம் என்று ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிட அவளால் முடியாது. பல வீடுகளில் அவளுக்கு நாற்காலி வரவில்லை. வாசலில் நின்றபடி எடுத்த பேட்டிகள் உண்டு. கொல்லைப்புறமாக வரச் சொன்ன வீடு உண்டு. ஃபோனில் பேசினால் நன்றாகவே பேசினார்கள். குத்தகைக் கணக்கு, பங்காளிச் சண்டை, வெளிநாட்டில் இருக்கும் பையன் நிலத்தை விற்கச் சொல்வது, எல்லாம் வந்தது. அப்புறம் நடுவில் அந்த மூன்று கேள்விகள். அதன் பிறகு அடுத்த அழைப்பை எடுக்கவில்லை. அவள் அதை அப்படியே வரிசைப்படுத்தினாள். நின்று எடுத்த பேட்டிகளில் நிலத்தை விற்பதாக யாருமே ஒப்புக்கொள்ளவில்லை. ஃபோன் பேட்டிகளில் பாதிப் பேர் விலை வரைக்கும் பேசினார்கள். நிலம் கைமாறுகிறது என்ற சேதியை யாருக்குத் தெரியவிடக் கூடாது என்பதும், யாருக்கு விற்கக் கூடாது என்பதும், அதில் தெளிவாகத் தெரிந்தது. ஆய்வேட்டின் முதல் இயலே அதுதான்.

தேர்வாளர் ஒருவரின் அறிக்கை போன மாதம் வந்தது. ஆய்வு சிறப்பாக உள்ளது, ஆனால் முதல் இயல் ஆய்வாளரின் சொந்த அனுபவமாக இருப்பதால் அதைச் சுருக்கிப் பின்னிணைப்பில் சேர்க்கலாம் என்று எழுதியிருக்கிறார். மாற்றப் போவதில்லை என்று அவள் நாலு பக்கம் பதில் எழுதி, எந்தப் பேட்டி எந்த வாசலில் எடுக்கப்பட்டது என்ற அட்டவணையையும் இணைத்திருக்கிறாள். நெறியாளர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். வாய்மொழித் தேர்வுக்கு இன்னும் தேதி குறிக்கவில்லை.